வெறுந்தராசு: வெர்மீரின் குறியீடு பற்றி ஒரு குறிப்பு

குறியீடு காலங்கடந்த பொருளுடையது என்ற கருத்து நமது கலை விமர்சனத்திலே ஆழ வேரூன்றியுள்ளது. தராசு நீதியையும் முத்து மாசின்மையையும் உணர்த்தும் என்று அட்டவணை வகுத்துவிட்டால், ஓவியத்தை விளங்கிக்கொண்டதாக நாம் அமைதியடைகிறோம். இக்கருத்தைப் பரிசீலிப்பதற்கு ஒல்லாந்த ஓவியர் யொகான்னஸ் வெர்மீர் (1632-1675) ஏறத்தாழ 1664 இல் தீட்டிய 'தராசேந்திய பெண்' தக்க சான்றாகும்.

சாளர ஒளியில் ஒரு பெண் சிறு தராசொன்றை ஏந்தி நிற்கிறாள். மேசைமீது முத்துச்சரங்களும் நாணயங்களும் கிடக்கின்றன. பின்சுவரிலே இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கும் ஓவியமொன்று தொங்குகிறது. அவள் பொன்னையோ முத்தையோ நிறுக்கிறாள் என்றே முன்னர்ப் பலரும் கருதினர். நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது தட்டுக்கள் இரண்டும் வெறுமையானவை எனத் தெரியவந்தது. எனவே, உலகச் செல்வம் நிலையற்றது, நிறுக்கப்படுவது ஆன்மாவே என்ற சமய விளக்கம் வலுப்பெற்றது. இவ்விளக்கம் தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. நிலையற்றதெனப்படும் அச்செல்வம் அம்மேசைக்கு எவ்வாறு வந்தது என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

வெர்மீர் வாழ்ந்த டெல்ப்ற் நகர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு சபைகளுள் ஒன்றின் இருப்பிடம். அதே நகரில், அதே 1632 இல் பிறந்த பால்டேயஸ் பாதிரியார் யாழ்ப்பாணத்திலே பணியாற்றி, 1672 இல் வெளிவந்த தமது நூலில் இக்குடாநாட்டைச் சித்திரங்களுடன் விவரித்தார். நமது நெடுந்தீவுக்கும் ஒல்லாந்தர் அந்நகரின் பெயரையே இட்டனர். 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் கம்பனியின் வசமாயின. மன்னார் முத்துச்சலாபமும் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டது.

வெர்மீர் தீட்டிய முத்துக்கள் மன்னாரில் எடுக்கப்பட்டவை என்பது நம் வாதமன்று. எக்கடலில் எடுக்கப்பட்டதாயினும், மூச்சையடக்கிக் கடலடிக்கு இறங்கிய குளிகாரனின் உழைப்பு அம்முத்தில் மறைந்து, அதன் ஒளி மட்டுமே கண்ணுக்குப் புலனாகிறது என்பதே நாம் கூறுவது. 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867), உழைப்பின் உறவுகள் பண்டத்தின் இயல்புகளாகத் தோன்றும் மாயத்தை விளக்குமிடத்து, மார்க்ஸ் முத்தினையும் உதாரணமாகக் கொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதனால் வெர்மீரைக் கம்பனியின் ஏவலாளராகக் காண்பது பொருந்தாது. கலையைப் பொருளாதாரத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொள்வது இயந்திரப் பாங்கான பார்வை. முற்போக்கு விமர்சனம் பலமுறை இடறியதும் இங்கேதான். வணிக வர்க்கம் தன் செல்வத்தை அளக்கும் கருவியையே எடுத்து, அதனை வெறுமையாகக் காட்டியதன் மூலம் வெர்மீர் அவ்வர்க்கத்தின் தன்னிறைவை வினாவுக்குள்ளாக்குகிறார். ஆனால் அவ்வினா தனிமனிதரின் மனச்சான்றோடு நின்றுவிடுகிறது. முத்தெடுத்தவனை அது சென்றடையவில்லை. அவன் உழைப்பையும் கணக்கிற் கொண்டு அக்குறியீட்டை வாசிப்பது, சலாபக் கரைக்கு அண்மையில் வாழும் நமது விமர்சனத்தின் கடமையாகும்.