நேர்த்தி என்று சொல்லி நடந்தேன்

“பஸ் வரேல்லையே, தம்பி?”

திக்கத்துக்குக் கிட்ட, மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஓர் ஐயா கேட்டார். வந்தது, நான்தான் ஏறவில்லை, சந்நிதிக்கு நடந்து போகிறேன் என்றேன். செருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“நேர்த்தியே?”

“ஓம்.”

முருகன் பொறுத்துக்கொள்வார். ஆசைக்கு நடக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஏறுங்கோ, ஏறுங்கோ என்று பின் சீற்றைத் தட்டிக் காட்டுவார்கள். நேர்த்தி என்றதும் ஐயா மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பருத்தித்துறை முனையிலிருந்து தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி மட்டும் கடலோர வீதி 12, 13 கிலோமீற்றர் வரும். தை பிறந்ததிலிருந்து நாலு தரம் நடந்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை, ஒரு குன்று கிடையாது. நாரி நோக்காரருக்கும் ஏற்ற தெரு. காலுக்கு என்று வார்த்துவைத்த இந்த ஊரில் முச்சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறோமே, அதுதான் எனக்கு விளங்குவதில்லை.

முன்னோர் அப்படி இருக்கவில்லை. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போகமுன் தும்பளை வீதிக்கு வாருங்கள். தெருமூடிமடம் அங்கேதான் நிற்கிறது. பேரிலேயே எல்லாம் இருக்கிறது: தெருவை மூடிய மடம். இரண்டு பக்கமும் உயரமான திண்ணை, கல் தூண்கள், மேலே கூரை, நடுவால் ஓடுவது சாட்சாத் பொதுத் தெரு. வெயிலில் நடந்து வருபவர் மடத்தைத் தேடி ஒதுங்கத் தேவையில்லை. நடந்துகொண்டே மடத்துக்குள் வந்துவிடுவார்! முதல் தரம் அந்தத் திண்ணையில் குந்தியபோது பின்பக்கம் சில்லென்று குளிர்ந்தது. கண்ணை மூடினேன். எத்தனை தலைமுறை வழிப்போக்கர் இதே கல்லில் முதுகு சாய்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது உண்மையாகவே மயிர் கூச்செறிந்தது. இப்போது அதற்குள்ளால் ஆட்டோக்கள் கோர்ண் அடித்தபடி போகின்றன.

மடம் மட்டுமா? தோளுயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்திச் சுமைதாங்கி வைத்தார்கள். தலைச்சுமைக்காரர் யாரையும் கை கொடுக்கக் கேளாமல் தானே பாரத்தை இறக்கலாம், தானே ஏற்றலாம். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். மாடு உடம்பைத் தேய்க்க ஆவுரஞ்சிக் கல், தண்ணீர் குடிக்கக் கேணி. இத்தனையும் நடந்துபோன சனத்துக்கும் அவர்களோடு வந்த மாட்டுக்கும் செய்யப்பட்டவை.

முனை வெளிச்சவீடு 1916இல் கட்டியது. அதைத் தாண்டி மேற்கே திரும்பினால் வலப்பக்கம் முழுக்கக் கடல். ஆகா, அந்தக் கடல்! கரைக்குச் சமாந்தரமாக முருகைக்கல் பார் கிடப்பதால் அலை தூரத்திலேயே வெள்ளையாக உடைகிறது. இங்கே காலடியில் குளம் மாதிரிப் பச்சைத் தண்ணீர். ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையின் மணம் முதலில் மூக்கைச் சுளிக்கவைக்கும். இரண்டாம் கிலோமீற்றரில் அது இல்லாமல் நடக்க மனம் வராது. கரையில் வலையிலிருந்து சூடை கழற்றுகிறார்கள். காகங்கள் அவர்களைவிட மும்முரமாக நிற்கின்றன. என் பையில் பருத்தித்துறை வடை. மெல்லிசான, நொறுங்குகிற, உறைப்பான தட்டை வடை. நாட்கணக்கில் கெடாது என்பார்கள். என்னிடம் அது திக்கம் தாண்டியதேயில்லை.

போர்க்காலத்தில் இந்தக் கரையில் விடியப்புறம் தனியே நடப்பதை நினைத்தும் பார்த்திருக்கமாட்டோம். சும்மா நடப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையின் வட நுனியான சக்கோட்டையும் இந்த வழியில்தான். படம் எடுப்பவர்கள் எடுக்கட்டும், நான் நிற்பதில்லை. எனக்கு வல்வெட்டித்துறை வந்தாக வேண்டும். இந்த ஊர் மேத்திரிமார் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, வல்வெட்டித்துறை மாலுமிகள் பாயை விரித்து அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938இல் மசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அவர்கள் புறப்பட்ட கடலைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது கால் வலி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தைப்பொங்கலென்றால் இந்த ஊர் வானமே பட்டம்தான். வாடைக்காற்றில் விண் பூட்டிய பட்டம் ஒன்று கூவத் தொடங்கினால் அந்த இரைச்சல் ஒரு மைலுக்கு உங்களோடு கூடவே வரும்.

குறையும் சொல்லவேண்டும். ஓரிடத்தில் மூன்று நாய்கள் இருக்கின்றன. மூன்றாம் தரம் போனபோது என் இடது செருப்பின் வாரைத் தின்றுவிட்டன. மிச்சத்தூரம் வெறுங்காலோடு போனேன். பார்த்தவர்கள் எல்லாரும் கும்பிடாத குறை.

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் நீரேரிக் காற்று முகத்தில் அடிக்கும்போது சந்நிதி தெரியும். ஆண்டுதோறும் கதிர்காமப் பாதயாத்திரை புறப்படுவது இங்கேயிருந்துதான். கிழக்குக் கரையால் இறங்கி, குமண, யால காடுகளைக் கடந்து, ஒரு மாதத்துக்கு மேலாக நடக்கிறார்கள். அதற்கு முன்னால் என் 13 கிலோமீற்றர் என்ன? அன்னதானக் கந்தன் என்று பேர் எடுத்த கோயில். மடங்களில் மத்தியானம் சோறு நிச்சயம். அந்தப் பருப்புக்கும் பூசணிக்காய்க்கும் நடந்து வந்த வயிற்றில் இருக்கும் ருசி, காரில் வந்து இறங்குபவருக்குக் கிடைக்காது. இதில் நான் சத்தியம் செய்வேன்.

தை, மாசிக்குள் போய்விடுங்கள்; பங்குனி வந்தால் தார் காலைச் சுடும். பழைய செருப்பாகப் போடுங்கள், வடை இரண்டு பக்கற் எடுங்கள். யாரும் மறித்துக் கேட்டால், நேர்த்தி என்று சொல்லிவிடுங்கள்.