எண்ணுதலும் உற்றுநோக்கலும்
பறவை காணச் சென்றோர் நூல்கள் இரண்டு

உலகைச் சுற்றிப் பறவை காண்போர் இருவகையினர். ஒரு சாரார் தாம் கண்ட இனங்களை எண்ணிப் பட்டியலிடுவர். மற்றொரு சாரார் ஒரே பறவையின் முன் பல நாள் காத்திருந்து அதனை நிழற்படமாக்குவர். முன்னது ஆசை, பின்னது அன்பு என்று பிரித்துவிடுவது எளிது. ஆயினும், இவ்விரு சாராருக்கும் தலைசிறந்த சான்றாகக் கொள்ளத்தக்க இரண்டு ஆங்கில நூல்களை ஒப்பவைத்துப் படிப்போர்க்கு, அப்பிரிவு முழு உண்மையன்று என்பது விளங்கும்.

முதல் நூல் லோக் வான் தோ எழுதிய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்'. 'பறவைகளின் தோழமை' என அதனைத் தமிழில் கூறலாம். 1957இல் இலண்டனில் வெளிவந்தது. கோலாலம்பூரில் 1915இல் பிறந்து, சிங்கப்பூரில் கத்தே திரைப்பட நிறுவனத்தை வளர்த்த பெருஞ்செல்வர் அவர். 1942இல் போருக்குத் தப்பிச் சென்றபோது அவர் ஏறிய கப்பல் குண்டுவீச்சுக்கு ஆளானது. உடல் வெந்து, சிலகாலம் பார்வையும் இழந்தார். பிழைத்து இந்தியா சேர்ந்தவர், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பைப் பெற்றார். கண்ணொளியை ஒருமுறை இழந்து மீண்டவர், பின்னர்க் காண்பதையே தம் வாழ்வின் பேரின்பமாகக் கொண்டார் என்பது எண்ணத்தக்கது.

அக்காலத்து நிழற்படக் கருவிகள் கனமானவை. தொலைவிலுள்ள பறவையை அருகே இழுத்துக் காட்டும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. ஆகவே, கூட்டுக்கு அருகில் மறைவிடம் அமைத்து, அதனுள் அசையாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். படத்துக்காகக் காத்திருக்கும் அந்த நேரந்தான் நூலுக்குப் பொருளாகிறது. இரை கொணரும் பறவை நேரே கூட்டுக்கு வருகிறதா, அருகிலுள்ள கிளையில் தயங்குகிறதா, துணைப் பறவை எப்போது இடம் மாறுகிறது என்பனவெல்லாம் நெடுநேரம் இருந்தவருக்கே புலப்படும். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்ற அவரது உரைநடை படத்தோடு கைகோத்துச் செல்கிறது.

எனினும் குறை இல்லாமல் இல்லை. இத்தகைய பயணத்துக்குப் பொருள்வளம் தேவை. அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மேலும், கூட்டருகே மனிதன் அமர்வதால் தாய்ப்பறவை அஞ்சி முட்டையைக் கைவிடலாம். மறைக்கும் இலைகளை விலக்கினால் வெயிலும் பகையும் குஞ்சுகளைத் தாக்கலாம். அன்று வழக்கமாயிருந்த இம்முறையை இன்று பல பறவைக் கழகங்கள் கண்டிக்கின்றன. கூட்டருகே எடுத்த படங்களை ஏற்காத போட்டிகளும் உள்ளன. நெருங்கியிருப்பதனாலேயே ஒருவர் பறவைக்கு நண்பராகிவிடுவதில்லை.

இரண்டாம் நூல் அமெரிக்கப் பெண்மணி ஃபீபி ஸ்னெட்சிங்கர் எழுதிய 'பேர்டிங் ஆன் பாரோட் டைம்'. 'இரவல் காலத்தில் பறவை காணல்' என்பது அதன் பொருள். 1931இல் பிறந்து, நான்கு மக்களுக்குத் தாயாகி இல்லறம் நடத்திய அவருக்கு, 1981இல் தோல் புற்றுநோய் முற்றியிருப்பதாக மருத்துவர் கூறினர். எஞ்சியது ஏறத்தாழ ஓராண்டே என்றனர். அவரோ மருத்துவமனையை நாடாது, ஏற்கெனவே திட்டமிட்டிருந்த அலாஸ்காப் பயணத்தை மேற்கொண்டார். அந்த ஓராண்டு பதினெட்டு ஆண்டுகளாக நீண்டது. நோய் இடையிடையே திரும்பியது, பயணம் நிற்கவில்லை. 1995இல் எண்ணாயிரம் இனங்களைக் கண்ட முதல் மனிதர் என்னும் நிலையை அடைந்தார். 1999இல் மடகாஸ்கரில் வாகனம் கவிழ்ந்து உயிர் நீத்தார். நூல் அவர் மறைவுக்குப் பின் 2003இல் வெளிவந்தது.

எண்ணுபவர் பாராமல் ஓடுபவர் என்று இவரைத் தள்ள இயலாது. புறப்படுமுன் அந்நாட்டுப் பறவைகளைப் பற்றி ஆழ்ந்து படிப்பார். கண்டபின் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிச் சேர்த்து வைப்பார். உள்ளினங்களையும் வேறுபடுத்தி எழுதியமையால், ஓரினம் என எண்ணியதைப் பின்னர் அறிவியலார் ஈரினமாகப் பிரித்தபோது, தாம் கண்டது எது என்பதை அக்குறிப்புகளால் அறிந்தார். அவர் இறுதியாகப் புதிதாய்க் கண்ட செந்தோள் வாங்கா என்னும் பறவை, 1997இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது.

ஆயின், நூல் என்னும் அளவில் நோக்குமிடத்துத் தாழ்வு தென்படுகிறது. நாடுகள் ஆண்டு வரிசையில் அடுக்கப்படுகின்றன. இனப்பெயர்கள் நெருக்கியடித்து வருகின்றன. ஒரு பறவை கண்முன் நிற்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. அவர் குறிப்புகளில் இருந்த உற்றுநோக்கு, நூலின் பக்கங்களுக்கு முழுமையாக வந்து சேரவில்லை. காலம் குறைந்துகொண்டே வருவதை உணர்ந்து எழுதும் இடங்களில் மட்டும் எழுத்து உயிர்பெறுகிறது. அங்கே எண்ணிக்கை வெறும் எண்ணாக இல்லாமல், சாவை ஒருநாள் தள்ளிப்போடும் முயற்சியாகிறது.

ஆகவே, வேறுபாடு தங்குவோர்க்கும் ஓடுவோர்க்கும் இடையிலன்று. கண்டதைப் பிறர் காணுமாறு சொல்ல முடிந்ததா என்பதிலேயே உள்ளது. அவ்வகையில் லோக் வான் தோவின் நூல் உயர்ந்து நிற்கிறது. ஸ்னெட்சிங்கரின் வாழ்வு அவர் நூலைவிட உயர்ந்து நிற்கிறது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவர் கடல்கடந்து பறவை காணச் சென்றவரல்லர். எனினும் காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் அது வடதிசை ஏகுவதையும் கண்டு பாடினார். அப்பாடலை வகுப்பில் சொல்லும்போது, 'நாரை ஒருவகைப் பறவை' என்று கூறிக் கடந்துவிடுவது போதுமா? சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கும் மலேசியாவின் கோல சிலாங்கூர்க் கரைக்கும் ஆண்டுதோறும் வடபுலத்துக் கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருகின்றன. உலகம் சுற்றும் வாய்ப்பில்லாதவர்க்கு உலகம் சுற்றும் பறவையே வந்து சேர்கிறது. மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று, ஒரு பறவையையேனும் பொறுமையாகக் காணச் செய்தால், பாட்டும் விளங்கும், பறவையும் விளங்கும்.