நோயாளியின் கோடு

கலை மக்களுக்குப் பயன்படல் வேண்டுமென வாதாடும் நாம், ‘கலைச் சிகிச்சை’ என்னும் தொடரைக் கேட்ட மாத்திரத்தே மகிழ்ந்து தலையசைத்துவிடக்கூடும். அப்பயன் யாருக்கு, அதனை அளப்பவர் யார் என்று வினவாது தலையசைத்தல் விமர்சகனுக்கு அழகன்று.

இத்தொடரை 1942இல் வழங்கியவர் அட்றியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர். முதலாம் உலகப் போர்க்களத்தைச் சித்திரித்த அவர், 1938இல் சயரோகத்தால் பீடிக்கப்பட்டு மிட்ஹேர்ஸ்ற் என்னுமிடத்து வைத்தியசாலையிற் கிடந்தார். ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஓய்வும் தூய காற்றுமே மருந்து. மாதக்கணக்கில் அசையாது படுத்திருத்தலே வைத்தியம். கட்டிலில் இருந்தவாறே அண்மையிலிருந்த பொருள்களை அவர் வரைந்தார். பின்னர், காயமுற்ற போர்வீரருக்கும் ஏனைய நோயாளருக்கும் வரையக் கற்பித்தார். 1945இல் அவ்வனுபவம் நூலாயிற்று. அதன் பெயரைத் தமிழில் ‘நோய்க்கு எதிராகக் கலை’ எனலாம்.

அப்பெயரோடுதான் எனக்கு முதற் பிணக்கு. சயரோகக் கிருமி பென்சிலுக்கு அஞ்சுவதில்லை. அதனை அடக்கியது மருந்து. மனமும் விரலும் ஒருங்கே ஈடுபடும்போது அடங்கிக் கிடக்கும் படைப்பாற்றல் விடுதலை பெறும் என்பது ஹில்லின் கொள்கை. மெய்யே, ஆயினும் அதனினும் பெரியதொன்று அக்கட்டிலில் நிகழ்ந்தது. நோயாளி எந்நேரமும் பிறராற் பார்க்கப்படுபவன். அவனது வெப்பநிலை அளக்கப்படுகிறது, சளி சோதிக்கப்படுகிறது, நிறை குறிக்கப்படுகிறது. பென்சிலைப் பற்றியதும் அவனே பார்ப்பவனாகிறான். மேசைமீதுள்ள கிண்ணத்தின் விளிம்பு எங்கே வளைகிறது என்பதைத் தீர்மானிப்பவன் அவன். இதனை மருந்தென்று சுருக்கினால், அத்தீர்மானமும் வைத்தியரின் குறிப்பேட்டில் இன்னொரு பதிவாகிவிடும்.

இவ்வச்சம் கற்பனையன்று. 1946 முதல் இங்கிலாந்தின் நெதேர்ன் மனநோய் வைத்தியசாலையிற் பணியாற்றியவர் எட்வேர்ட் அடம்சன். அங்கு நோயாளரின் ஓவியங்களை நோய்க்குறிகளாக ஆராயவே வைத்தியர்கள் விரும்பினர். அடம்சனோ ஓவியங்களுக்குப் பொருள் கூற மறுத்தார். வண்ணமும் தாளும் கொடுத்துவிட்டு விலகி நின்றார். அவ்விலகலை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆசிரியர்களாகிய நமக்கு அது எளிதில் வராத பண்பு.

இனி, பிரெஞ்சு ஓவியர் மத்தீஸைப் பாருங்கள். 1941இற் குடற்புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றபின், கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வண்ணத்தாள்களைக் கத்தரித்தார். தாளுக்கு வண்ணம் பூச உதவியாளர் இருந்தனர். அப்படைப்புகளை நவீன கலையின் சிகரம் என்கிறோம். புகழ்பெற்றவன் நோயுற்று ஆக்கியது கலை, பெயரற்றவன் ஆக்கியது சிகிச்சை! இவ்வேற்றுமை அழகியலிற் பிறந்ததன்று, வர்க்கத்திற் பிறந்தது.

நெதேர்னில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர், எரிந்த தீக்குச்சியின் கரியைக்கொண்டு மலசலகூடத் தாளில் வரைந்தார். அத்தாள்கள் அடம்சன் தொகுப்பிற் சேர்ந்துள்ளன. விலங்குகளும் மனிதத் தலைகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் அவற்றிற் கோடு எங்கும் தயங்கவில்லை. அவற்றின் அச்சுப் பிரதியொன்றையும் மத்தீஸின் படமொன்றையும் இலக்கிய நண்பரொருவருக்குக் காட்டினேன். மத்தீஸின் வண்ணங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மற்றதைக் கையிலெடுத்ததும் அவர் கேட்டது: “இவருக்கு என்ன வருத்தம்?”