கிராம்பின் மணமும் உழவனின் முகமும்

ஆங்கில இலக்கியத்தைக் கற்பிக்கும்போதும் கற்கும்போதும் அதன் சொல்லழகைப் போற்றுகின்றோம். அவ்வழகிற் சேர்ந்துள்ள கீழ்த்திசைச் செல்வம் எவ்வழியாக வந்தது என்று நாம் கேட்பது அரிது.

பதினான்காம் நூற்றாண்டில் ஜோன் மாண்டவில் என்பவரின் பெயரால் எழுந்த பயண நூல், கீழ்த்திசைத் தீவொன்றில் நாய்த்தலை மனிதரைக் குடியேற்றியது. பிறர் ஏடுகளிலிருந்து திரட்டிய கதைகளே அதில் மிகுதி. அறியாமையின் விளைவென்று அக்கற்பனையை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 1600-இல் கிழக்கிந்தியக் கொம்பனி பட்டயம் பெற்று, கப்பல்கள் போய்வரத் தொடங்கியபின் அச்சமாதானம் செல்லாது.

மில்ற்றனை எடுத்துக்கொள்வோம். 1667-இல் வெளிவந்த 'சுவர்க்க நீக்கம்' என்னும் காவியத்தின் இரண்டாம் காண்டத்திலே, பறந்து செல்லும் சாத்தானுக்கு உவமையாக ஒரு கப்பற்கூட்டம் வருகின்றது. அது வங்காளத்திலிருந்தோ, கிராம்பு விளையும் தெர்னாத்தே, திதோர் தீவுகளிலிருந்தோ வாசனைச் சரக்கேற்றி வருவது. கடலும் காற்றும் வணிகரும் அவ்வுவமையில் உளர். கிராம்பை விளைவித்தவன் இல்லை.

அத்தீவுகளுக்குத் தெற்கே, சாதிக்காய் விளையும் பந்தாத் தீவுகளின் மக்களிற் பெரும்பாலோரை 1621-இல் ஒல்லாந்தர் கொன்றும் நாடுகடத்தியும் அழித்தனர். வாணிக ஏகபோகமே அவர்தம் நோக்கம். காவியம் வெளிவந்த அதே 1667-இல், பிறேடா உடன்படிக்கையின்படி, பந்தாவைச் சேர்ந்த றன் தீவின் மீதான உரிமையை இங்கிலாந்து ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்து, நியூயோர்க்கைத் தன்வசம் வைத்துக்கொண்டது. தீவினரை எவரும் கேட்கவில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. சரக்குக் கப்பலைச் சாத்தானுக்கு ஒப்பிட்டவரும் மில்ற்றனே. இலண்டன் வணிகர் ஆவலோடு எதிர்நோக்கிய கப்பலிலே தீமையின் சாயலை அவர் கண்டார். உழைப்பவனைக் காணும் பார்வைதான் அவ்விடத்தில் அவருக்குக் கைவரவில்லை.

அப்பார்வை ஒரு மாலுமிக்கு வாய்த்தது. 1660-இல் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிபட்டு, 1679 வரை இந்நாட்டிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலிலே ஏரையும் வயலையும் நீர் பாய்ச்சும் முறையையும் அருகிருந்து கண்டவராய் எழுதினார். ஆனால் அந்நூலைக் கொம்பனியின் தலைவர்களுக்கே காணிக்கையாக்கினார்! உழவனைப் பற்றிய அறிவும் ஈற்றில் வணிகனின் மேசையையே சென்றடைந்தது.

இந்நூல்களை நாம் ஒதுக்கவும் வேண்டாம், தொழவும் வேண்டாம். மில்ற்றனின் உவமையை விளக்கும் ஆசிரியர், பந்தாத் தீவின் வரலாற்றையும் அதனருகே வைத்து விளக்குவாராக. கவிதையின் அழகு அதனாற் குன்றாது. அவ்வழகுக்கு விலை கொடுத்தவர் யாவரென்பதை மாணவன் அறிந்துகொள்வான்.