ஹிந்தோளத்தில் ஒரு ஹரி

அணுசக்தி நகரில் பாட்டுக் கூடும் மாலைகளில் 'பைஜு பாவ்ரா' படத்தின் ஹரி தரிசனப் பாட்டை யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். அணு ஆராய்ச்சி நிலையத்து ஊழியர்களின் குடியிருப்பு இது. ஒரே மாடிப்படியில் வங்காளமும் மலையாளமும் மராட்டியும் தமிழும் கேட்கும். பாடுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பாட்டின் பிறப்பே அப்படித்தான். 1952இல் வந்த படம். இசை நௌஷாத், எழுதியவர் ஷகீல் பதாயூனி, பாடியவர் முகமது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள் என்பதைச் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பாட்டுக்குள் அவர்கள் செய்திருக்கும் வேலை.

ராகம் மால்கௌன்ஸ், நம் ஹிந்தோளம். ரிஷபமும் பஞ்சமமும் கிடையாது. அதனால் தொடங்குமுன் சுருதிப் பெட்டியைப் பஞ்சமத்திலிருந்து மத்யமத்துக்கு மாற்றுவார்கள். அந்த ஒரு திருகலிலேயே கூடம் வேறாகிவிடும். 'சாமஜவரகமனா' கேட்டு வளர்ந்த மாமிகளுக்கு முதல் அடியிலேயே ராகம் பிடிபட்டுவிடும். ஆனால் போக்கு வேறு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நாம் அசைத்துப் பாடுவோம். ரஃபி மத்யமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி இறங்குகிறார்; ஏக்கமெல்லாம் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. வெகுநேரம் குரலை அடக்கியே வைத்திருந்து, கண்ணனை நேரே விளித்து மன்றாடும் கடைசிப் பகுதியில் மேல் ஸ்தாயியைத் திறந்துவிடுகிறார். குரல் பெருகுகிறது, கெஞ்சல் துளியும் குறையவில்லை. பயிற்சி உள்ளவர்களே அங்கே கத்திவிடுவார்கள்.

இப்படி ஒரு சாமியைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், முன்சீப், நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதிக்கு நண்பர். 1878இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பெயரே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்'. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் நம் கச்சேரி மரபுப்படி. கடவுளின் கருணை உண்டு, அவரிடம் முறையீடு உண்டு, ஒரு மதத்துக்கு மட்டும் உரிய பெயர் கிடையாது. யார் வந்தாலும் தங்கள் சாமியை உட்கார்த்திக்கொள்ள மனைப்பலகை போட்டு வைத்தாற்போல. தமிழ் வீட்டுப் பெண்கள் இதில் ஒன்றைப் பாடும்போது எல்லோருக்கும் சௌகரியம்.

ஆனாலும் என் மனம் ரஃபி பக்கமே சாய்கிறது. பொதுப்பெயரால் அழைப்பது மரியாதை. அடுத்த வீட்டுக்காரரின் சாமியை அவர் கூப்பிடும் பெயராலேயே கூப்பிட்டு உருகுவதற்கு இன்னும் பெரிய மனசு வேண்டும்.

தமிழில் அந்த மனசுக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு பரம்பொருளை 'மனோன்மணி' என்று சைவர்கள் அம்பிகையை அழைக்கும் பெயரால் விளித்துக் கண்ணிகள் பாடியிருக்கிறார். இரண்டிரண்டு அடிகள், ஒருவர் எடுத்துக்கொடுத்தால் கூட்டம் வாங்கிப் பாடலாம். தபலாவும் போதும், கஞ்சிராவும் போதும். அடுத்த கூடலில் அதைத் தமிழர்கள் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.