நாலு மணி

செண்பகத்தோப்பில், காட்டுக்குள் போகும் பாதையோரம் மாமர நிழலில் பேசிக்கொண்டிருந்தோம். நாவல் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர், ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. ‘முரகாமி நாலு மணிக்கே எந்திரிச்சிருவாராம்ணே. அஞ்சாறு மணி நேரம் எழுத்து, அப்புறம் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம், இல்லன்னா நீச்சல். நமக்கு அந்த ஒழுங்கு இல்ல’ என்றார்.

ஒழுங்கு என்ற சொல் உறுத்தியது. இந்த அட்டவணையில் சோறு பொங்குகிறவர் எங்கே? முரகாமியே முதல் நாவலை, தன் ஜாஸ் மதுக்கூடத்து வேலை முடிந்து வந்து அடுக்களை மேசையில் எழுதியவர்தான். நம்ம ஆட்களுக்கு அது ருசிப்பதில்லை.

இங்கிருந்து சிவகாசி ரொம்பத் தூரமில்லை. எழுபது, எண்பதுகளில் சுற்றுக் கிராமங்களில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள், திரும்பும்போது இருட்டியிருக்கும். குச்சி அடுக்கினதற்கும் பெட்டி ஒட்டினதற்கும் எண்ணிக் கூலி. அந்த நாலு மணியும் ஒழுங்குதான். (சாம்பல் அணிலுக்கு 1988இல் இந்த மலையில் சரணாலயம் கிடைத்தது. கீழே பிள்ளைகள் அப்போதும் வண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள்.)

அந்தப் பிள்ளைகளைப் பற்றியது ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக் குஞ்சுகள்’. 1925இல் முசிறியில் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். குடும்ப வேலைகளுக்கு நடுவே படித்து, எழுதப் பழகியவர். பின்னாளில் நாவலுக்காக ஊர் ஊராகப் போனார். ‘கரிப்பு மணிக’ளுக்குத் தூத்துக்குடி உப்பளங்கள். இவ்வகை எழுத்தில் வேலை மேசைக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. உப்பளத்துப் பெண்ணிடம் பேச வேண்டுமானால் அவள் பாத்தியைவிட்டு ஏறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எழுத்தாளரின் நேரத்தை அங்கே அவள் கூலிநேரம் தீர்மானிக்கிறது.

‘கள ஆய்வு, கலையில்லை’ என்று இந்த நாவல்களை ஒதுக்கினோம். நானும் ஒதுக்கியவன்தான். பாத்திரங்கள் சில இடங்களில் ஆசிரியரின் குரலிலேயே பேசிவிடுவதை இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் கலை என்று நாம் வைத்திருந்த அளவுகோல், தன் நேரம் தன் கையில் இருப்பவனிடமிருந்து எடுத்தது என்பதை அன்றைக்கு யோசிக்கவில்லை.

நண்பருக்கு அன்று ராத்திரி ஷிப்ட். நாலு மணிக்கு அவரும் விழித்துத்தான் இருப்பார், நூற்பு மெஷினுக்கு முன்னால். ‘ஒங்க நாவல்ல மில்லு வருதா?’ என்று கேட்டேன்.

‘அது எதுக்குண்ணே, அதத்தான் தெனமும் பாக்குறோமே’ என்றபடி பஸ்சுக்குக் கிளம்பினார்.