அரம் தின்ற ஒரு மில்லிமீட்டர்

சுங்கை ஆயர் தாவாரில் ஒரு பட்டறை மேசையில் கிடந்த ஆர்எக்ஸ்இசட் மோட்டாரின் சிலிண்டரை எடுத்துப் பார்த்தேன். எக்சோஸ் துளையின் மேல்விளிம்பைப் புதிதாக ராவியிருந்தார்கள். இடது மூலை வலதைவிட ஒரு நூல் உயரம். "எவ்வளவு ஏத்தினீங்க தம்பி?" என்றேன். "கண்ணளவுதான் அண்ணே" என்றார் போமேன், அந்தப் பட்டறையின் மெக்கானிக். பக்கத்திலேயே அதன் பிஸ்டன். எக்சோஸ் பக்கம் அலுமினியம் உருகி இழுபட்ட கோடுகள்.

வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு வேகம் ஏற்ற இதுதான் வழக்கம்: துளையை ராவு, எக்சோஸ் குழாயை மாற்று. வேகம் வரத்தான் செய்கிறது. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் 6 பங்கு. அதற்குள் பழைய புகை வெளியேறிப் புதுக் கலவை நிரம்ப வேண்டும். துளையை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது திறந்திருக்கும் நேரம் கிராங்கின் சுழற்சியில் ஏறக்குறைய 4 டிகிரி கூடுகிறது. மிச்ச வேலை குழாயினுடையது. விரியும் கூம்பிலிருந்து திரும்பும் அலை புகையை உறிஞ்சி இழுக்கும். ஒடுங்கும் கூம்பிலிருந்து திரும்பும் அலை, வெளியே நழுவிய கலவையைத் துளை மூடுமுன் உள்ளே தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த அலைகளை வசப்படுத்தித்தான் 1961இல் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதே ஆண்டு தப்பியோடிச் சுசூகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசூகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது.

ஆனால் அலை திரும்பும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட சுற்றுவேகத்தில்தான் அது கைகொடுக்கும். மற்ற வேகங்களில் கெடுக்கும். இந்தக் கலை எங்கே முழுதாகப் பொருந்துகிறது என்று கேட்டால் நான் மாதிரி விமானப் பந்தயத்தைக் காட்டுவேன். எஃப்2ஏ வகுப்பில் எஞ்சின் வெறும் 2.5 சிசி. கம்பியில் கட்டிய விமானம் 17.69 மீட்டர் ஆரத்தில் 9 சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி. அந்த எஞ்சினுக்கு ஒரே சுமை, ஒரே சுற்றுவேகம். இறங்கியதும் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். சக்தி குறுகிய சுற்றுவேக எல்லைக்குள் குவிவது அங்கே குறையே அல்ல.

தோட்டத்து மோட்டாரின் பாடு வேறு. காலையில் செம்பனைக் காட்டு மண்பாதை, மாலையில் அம்மாவைப் பின்னால் ஏற்றிச் சந்தை, நடுவில் 5ஆம் கூட்டரசுச் சாலையின் விளக்குகள். ராவிய எஞ்சின் கீழ்ச்சுற்றில் இழுக்காது. முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முறுக்கல் பழகிப்போன கை, ராத்திரியில் பாரிட் வாய்க்கால் ஓரத்து நேர்ச்சாலையைப் பந்தயத் திடலாக்கிவிடுகிறது. அங்கே இழந்த பிள்ளைகளை எண்ணினால் இந்த வேகத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. பந்தயம் வேண்டுமென்றால் 1994 முதல் கப் பிரிக்ஸ் பந்தயத் தொடர் இருக்கிறது. மூடிய தடம், மருத்துவர், விதிமுறை.

இதற்காக அந்த இளைஞர்களை உதவாக்கரைகள் என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். பிளக்கின் நிறம் பார்த்துக் கலவையைச் சொல்லும் கண், சத்தத்திலேயே கோளாறைப் பிடிக்கும் காது: பள்ளிக்கூடம் கொடுக்காத பயிற்சி அது. வழக்கத்தின் பெரிய குறை அளவில்லாமை. குழாயை மாற்றியவர்கள் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவதில்லை. பெட்ரோல் குறைகிறது, அதோடு வரும் குளிர்ச்சியும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. மாதிரி விமானக்காரர்கள் திருப்பிப் போடக்கூடியதை முதலில் மாற்றுவார்கள்: புரொப்பெல்லர், சிலிண்டர் தலைக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு, குழாயின் நீளம். ஒரு தடவைக்கு ஒன்றுதான், ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்வாட்ச். நம் பட்டறைகள் அரத்தில் தொடங்குகின்றன. ராவிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. ஆர்எக்ஸ்இசட் உற்பத்தியும் நின்று போயிற்று.

போமேனிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. அடுத்த வாரம் போனபோது, பள்ளிப் பாகைமானியை நகலெடுத்து வட்டமாக வெட்டித் தன் சொந்த மோட்டாரின் மேக்னட்டில் ஒட்டியிருந்தார். சக்கரத்தை மெதுவாகத் திருப்பி, துளை திறக்கும் டிகிரியையும் மூடும் டிகிரியையும் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். அரம் அன்றைக்கு டப்பாவிலேயே இருந்தது.